ஆர்ம்லி சந்தி, 2018: பாரவூர்திச் சாரதியிடம் கனடா கேட்டதும் கேளாமல் விட்டதும்

சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடகிழக்கே, டிஸ்டேல் நகரைத் தாண்டி வடக்குப் பக்கம் போனால், 35ஆம் இலக்க நெடுஞ்சாலையை 335ஆம் இலக்க நெடுஞ்சாலை குறுக்கே வெட்டும் இடம் வரும். ஆர்ம்லி சந்தி என்பது அதன் பெயர். 1997இல் அங்கே நடந்த மோதலில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக நட்ட ஆறு சிலுவைகள் வீதியோரம் நின்றன. 2018 ஏப்ரல் 6ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியளவில், ஹம்போல்ட் புரொங்கோஸ் என்ற இளையோர் ஹொக்கி அணியின் பஸ் நிப்பவின் நகரில் நடக்கவிருந்த போட்டிக்காக 35இல் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 335இல் மேற்கு நோக்கி ஒரு பாரவூர்தி வந்தது. அதன் பின்னால் இரண்டு ட்ரெயிலர்கள், அவற்றில் தோட்ட மண்ணில் கலக்கும் பீட் பாசிக் கட்டுகள்.

முன்னுரிமை பஸ்ஸுக்கு. பாரவூர்தி வந்த பக்கத்தில் வழக்கமானதைவிடப் பெரிய நிறுத்தற் பலகை இருந்தது, அதன் மேல் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அதற்கு முன்பே, சந்தி வருகிறது என்று எச்சரிக்கும் நான்கு பலகைகளைப் பாரவூர்தி கடந்திருந்தது. அது நிற்கவில்லை. மணிக்கு 86 முதல் 96 கிலோமீற்றர் வேகத்தில் சந்திக்குள் நுழைந்தது. பஸ் சாரதி பிரேக்கை அழுத்தியிருக்கிறார், டயர்த் தடம் வீதியில் பதிந்திருந்தது. ஆனால் முன்னால் வீதியை அடைத்து நின்றது இரண்டு ட்ரெயிலர் நீளத்துக்கு ஒரு சுவர். பஸ்ஸில் இருந்த 29 பேரில் 16 பேர் இறந்தார்கள், மற்ற 13 பேரும் காயப்பட்டார்கள். பாரவூர்திச் சாரதிக்குக் காயம் ஏதும் இல்லை.

அவர் மது அருந்தியிருக்கவில்லை. கைப்பேசியிலும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பின்னால் ஒரு ட்ரெயிலரின் தறப்பாள் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார் என்று அவருடைய சட்டத்தரணி பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார். அந்தச் சாரதி அல்பேர்ட்டா மாகாணம் கல்கரியில் இருந்த ஒரு பாரவூர்தி நிறுவனத்தில் சேர்ந்து ஏறத்தாழ மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அதில் இரண்டு வாரம் முதலாளியுடன் சேர்ந்து ஓடினார். அதன்பின் தனியே ஓடத் தொடங்கினார்.

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் துயரத்தைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் எழுதினார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிடக் காய்ந்த விடயம். அந்தச் சாரதியிடம் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருந்தது. இரண்டு ட்ரெயிலர்களை இழுக்கும் உரிமையும் அதிலேயே அடக்கம். சட்டம் கேட்டதை எல்லாம் அவர் கொடுத்திருந்தார். அப்படியானால் சட்டம் எதைக் கேட்டது?

அன்றைய தகுதி

கனடாவில் சாரதி அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் பொறுப்பு. அல்பேர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் ட்ரெயிலர் இழுக்கும் பெரிய பாரவூர்திக்கு வேண்டியது முதலாம் வகுப்பு அனுமதிப்பத்திரம். ஒன்ராறியோவில் அதே தகுதிக்கு ஏ வகுப்பு என்று பெயர், எயர் பிரேக்குக்கான (காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக்) இசட் ஒப்புதலும் சேர்ந்தால் நம்மவர்கள் பேச்சில் அது ‘ஏ-இசட்’ ஆகிவிடும்.

2018இல் கல்கரியில் ஒருவர் முதலாம் வகுப்பு எடுப்பதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கார் ஓட்டும் முழு அனுமதிப்பத்திரம் வேண்டும். மருத்துவரிடம் படிவம் நிரப்பிக் கண் பார்வையையும் உடல்நிலையையும் உறுதிசெய்ய வேண்டும். எழுத்துப் பரீட்சை, எயர் பிரேக் தகுதி, அதன்பின் வீதிப் பரீட்சை. இவ்வளவும் இருந்தால் போதும். எங்கே பழகினீர்கள், எத்தனை மணித்தியாலம் ஓட்டினீர்கள், யார் பழக்கினார் என்று யாரும் கேட்கவில்லை. வாடகைக்கு ஒரு பாரவூர்தி எடுத்து, பரீட்சை நடக்கும் தெருக்களையே சுற்றிச் சுற்றிப் பழகிக்கொண்டு போய்ச் சித்தியடைந்தாலும் அது சட்டப்படி குறையற்ற தகுதிதான். பயிற்சிப் பாடசாலைகள் இருந்தன, நல்லவையும் இருந்தன. பணமும் பொறுமையும் உள்ளவர்கள் அங்கே போனார்கள். போகாதவர்களைத் தடுக்க ஏதும் இல்லை.

வீதிப் பரீட்சையைக் குறை சொல்ல நான் வரவில்லை. பரிசோதகர் ஓரளவு நேரம் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். வளைவில் பின் சக்கரம் நடைபாதையில் ஏறுகிறதா, கண்ணாடியைப் பார்க்கிறாரா, புகையிரதக் கடவையில் என்ன செய்கிறார், பின்னோக்கி நேராக எடுக்கிறாரா என்று கவனிக்கிறார். அந்த நேரத்துக்குள் அடங்கும் திறமைகள் அவ்வளவுதான். 40 டொன்னுக்கு மேல் பாரம் ஏறிய வண்டி, பின்னால் இரண்டு ட்ரெயிலர், முன்பின் தெரியாத வீதி, அவிழ்ந்த தறப்பாள், முடிக்க வேண்டிய நேரம், நிரப்ப வேண்டிய பதிவேடு ஆகிய எல்லாம் ஒன்றாக வந்து விழும் பிற்பகல் எந்தப் பரீட்சைத் திடலிலும் வராது. முக்கியமான இன்னொன்று: ஒற்றை ட்ரெயிலரில் பரீட்சை கொடுத்தவருக்கும் இரட்டை ட்ரெயிலர் இழுக்க அதே அனுமதிப்பத்திரம் போதும். மிக நீளமான இணைப்புகளுக்குத்தான் தனி அனுமதி வேண்டும். மேற்குக் கனடாவில் தானியமும் மரமும் பீட் பாசியும் ஏற்றும் சாதாரண இரட்டை ட்ரெயிலர் அந்தக் கணக்கில் வராது.

அந்த மூன்று வாரங்கள்

வழக்கின் சாரம் என்று நான் நினைப்பது இந்த இடைவெளிதான். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த நாளுக்கும், பாரத்தோடு தனியே ஏறிய நாளுக்கும் நடுவே என்ன நடக்க வேண்டும் என்று சட்டம் எதையும் சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க வேலை கொடுப்பவரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருந்தது.

அந்த நிறுவனம் மிகச் சிறியது, முதலாளியையும் சேர்த்து விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தான். பெரிய நிறுவனங்களில் புதிய சாரதியோடு பல வாரம் ஒரு பயிற்றுநர் ஏறுவார். பாதுகாப்புப் பிரிவில் ஒருவர் பதிவேடுகளைத் திருத்துவார். தறப்பாள் போடுவதை யார் மேற்பார்வை செய்வது, பாதை தெரியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஆள் இருக்கும். சிறிய நிறுவனத்தில் இவை எல்லாம் ஒரே ஆள். அந்த ஆளும் இன்னொரு வண்டியில் எங்கோ ஓடிக்கொண்டிருப்பார்.

விபத்துக்குப் பிறகு அரச அதிகாரிகள் அந்தச் சாரதி வேலை நேரத்தை எழுதிவைத்த நாட்பதிவேடுகளை விபத்துக்கு முந்தைய நாட்களுக்குப் பின்னோக்கி ஆராய்ந்தார்கள். 70 மீறல்கள் கிடைத்தன. அவற்றில் 51 வேலை நேரம் பற்றிய கூட்டாட்சி விதிகளைச் சேர்ந்தவை, 19 பயணத்துக்கு முன் வண்டியைச் சோதித்து எழுத வேண்டிய அறிக்கையைப் பற்றியவை. ஏப்ரல் 6 அன்று வீதியில் யாராவது அதிகாரி அவரை மறித்துப் பதிவேட்டைக் கேட்டிருந்தால், 72 மணித்தியாலங்களுக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று நிறுத்தியிருப்பார் என்பதையும் அவர்களின் அறிக்கை சொன்னது.

இந்த 70 என்ற எண்ணைப் பத்திரிகைகள் பெரிய தலைப்பாக்கின. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். களைப்பில் தூங்கிவிட்டார் என்று யாரும் நிறுவவில்லை. பதிவேட்டில் தவறாக நிரப்புவதும் நிரப்பாமல் விடுவதும் ஒவ்வொன்றாக எண்ணப்பட்ட மீறல்கள். ஆனால் அந்த எண் வேறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: அந்தச் சாரதிக்குப் பதிவேடு எழுதத் தெரியவில்லை, அதைப் பார்த்துத் திருத்துவதற்கும் யாரும் இல்லை. கனடாவின் தென்பகுதியில் ஒரு நாளில் அதிகபட்சம் 13 மணித்தியாலம் ஓட்டலாம், மொத்தப் பணி நேரம் 14 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, ஏழு நாள் சுழற்சியில் பணி நேரம் 70 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்பவை எல்லாம் அப்போது காகிதத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டியவை. அதைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய இடம் பயிற்சிப் பாடசாலையா, முதலாளியா? அன்றைய சட்டத்தில் இதற்கு விடை இல்லை.

தறப்பாள் விடயமும் அப்படித்தான். இதைப் பலர் அற்பமாகக் கருதினார்கள். ஒரு துணி பறந்ததற்காக நான்கு பலகைகளையும் ஒரு சிவப்பு விளக்கையும் காணாமல் விடுவானா ஒருவன் என்று கேட்டார்கள். பாரம் ஏற்றிய பாரவூர்தி ஓட்டியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். தறப்பாள் அவிழ்வது, கட்டு தளர்வது, சரக்கு நழுவுவது ஆகியவை புதிய சாரதியின் கவனத்தை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். அவிழ்ந்தால் என்ன செய்வது என்பதற்கு அனுபவமுள்ளவரிடம் விடை உண்டு: ஓரமாக நிறுத்து. புதியவருக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தாலும் நேரம் போகிறதே என்ற பதற்றம் விடாது. இதை நான் நியாயப்படுத்தவில்லை, நீதிமன்றமும் நியாயப்படுத்தவில்லை. பயிற்சியின் குறை எந்த வடிவில் வெளிப்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீதிமன்றத்தில்

2019 ஜனவரி 8ஆம் திகதி சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டார்: மரணம் விளைவித்த ஆபத்தான செலுத்துகைக்கு 16 குற்றச்சாட்டுகள், காயம் விளைவித்ததற்கு 13. வழக்கு விசாரணை நடந்தால் குடும்பங்கள் மறுபடியும் அதைக் கேட்க வேண்டியிருக்கும், அது வேண்டாம் என்பது அவர் தரப்பின் நிலைப்பாடு. தண்டனை விசாரணை மெல்ஃபோர்ட் நகரில், கூட்டம் கொள்ளாது என்பதால் ஒரு விளையாட்டு மண்டபத்தை நீதிமன்றமாக்கி நடந்தது. அரச தரப்பு பத்து ஆண்டு கேட்டது. 2019 மார்ச் 22ஆம் திகதி நீதிபதி இனெஸ் கார்டினல் எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார், வண்டி ஓட்டப் பத்து ஆண்டுத் தடையும் விதித்தார். கனடாவில் மதுவோ போதையோ கலக்காத ஒரு வாகன வழக்குக்கு அது கடுமையான தண்டனை.

நிறுவன உரிமையாளர் மீது அல்பேர்ட்டா மாகாணம் எட்டுக் குற்றச்சாட்டுகளைப் பதிந்தது. பதிவேடுகளைப் பேணாதது, சாரதி விதிகளைப் பின்பற்றுகிறாரா என்று கண்காணிக்காதது, எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டம் இல்லாதது போன்றவை அவை. ஐந்தை ஒப்புக்கொண்டார். தண்டம் மொத்தம் 5,000 டொலர். எட்டு ஆண்டுச் சிறைக்கும் ஐயாயிரம் டொலருக்கும் இடையே உள்ள தூரத்தைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். எனக்கும் அது உறுத்துகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தவரின் பொறுப்பு பெரிது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அவரை இரண்டு வாரத்தில் அங்கே உட்கார வைத்தவரின் பொறுப்புக்குச் சட்டத்தில் இருந்த அளவுகோல் பதிவேட்டுத் தண்டம் மட்டுமே.

நிரந்தர வதிவிட உரிமையில் இருந்த அந்தச் சாரதிக்கு இன்னொரு விளைவும் இருந்தது. கனடாவின் குடிவரவுச் சட்டப்படி ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்ற நிரந்தர வதிவாளர், நாடுகடத்தலுக்கு எதிராக மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையை இழக்கிறார். 2023இல் முழுப் பரோலில் (நிபந்தனையோடு கூடிய முன்கூட்டிய விடுதலை) வெளிவந்தவருக்கு 2024 மே மாதம் நாடுகடத்தல் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. குடியுரிமை எடுக்காமல் பாரவூர்தி ஓட்டும் நம்மவர்கள் பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள், அதனால் இங்கே குறிப்பிடுகிறேன்.

பிறகு வந்த மாற்றங்கள்

விபத்து நடந்தபோது கட்டாயப் பயிற்சி இருந்த மாகாணம் ஒன்றே ஒன்று, ஒன்ராறியோ. அங்கே 2017 ஜூலை 1 முதல், ஏ வகுப்பு வீதிப் பரீட்சைக்குப் போகுமுன் 103.5 மணித்தியாலப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கட்டாய ஆரம்பநிலைப் பயிற்சியைச் சாரதிகள் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் மெல்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விபத்துக்குப் பிறகு மேற்கு மாகாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அல்பேர்ட்டா 2019 மார்ச் 1 முதல் 113 மணித்தியாலம். சஸ்காச்சுவான் அதே மாதம் 15 முதல் 121.5 மணித்தியாலம், மனிற்றோபா செப்டெம்பர் 1 முதல் அதே அளவு. பிரிட்டிஷ் கொலம்பியா 2021 ஒக்டோபரில் எயர் பிரேக் பாடத்தையும் சேர்த்து 140 மணித்தியாலம் என்றது. 2020 பெப்ரவரியில், வணிக வாகனங்களுக்கான தேசியப் பாதுகாப்பு நெறியின் 16ஆம் நியமம் வெளிவந்து, 103.5 மணித்தியாலத்தைக் குறைந்தபட்ச அளவாக வைத்தது. சஸ்காச்சுவானில் விவசாயிகளுக்கு முதலில் விலக்கு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறுவடைக் காலத்தில் தானியம் ஏற்றும் பாரவூர்தியும் அதே சந்திகளில்தான் நிற்க வேண்டும்.

ஒன்ராறியோவின் 103.5 எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பது நல்லது, ஏனெனில் பாடசாலைக்குப் பணம் கட்டப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. 36.5 மணித்தியாலம் வகுப்பறை. 17 மணித்தியாலம் திடலில் வண்டியைச் சுற்றி: பிரேக் சோதனை, ட்ரெயிலரை இணைப்பது, கழற்றுவது, பயணத்துக்கு முந்தைய பரிசோதனை. 32 மணித்தியாலம் வீதியில் ஓட்டுவது. மீதி 18 மணித்தியாலம் முழுக்கப் பின்னோக்கி எடுப்பது. பின்னோக்கி எடுப்பதற்கு இவ்வளவா என்று கேட்பவர் இருந்தால், ஒரு முறை ட்ரெயிலரோடு களஞ்சியத்தின் வாசலுக்குப் பின்புறமாகப் போகச் சொல்லுங்கள், பிறகு கேட்க மாட்டார்.

மணித்தியாலக் கணக்கு தகுதியின் ஒரு பாதி மட்டுமே. மற்றப் பாதி பழைய நிபந்தனைகள், அவை அப்படியே இருக்கின்றன. ஒன்ராறியோவில் ஏ வகுப்புக்கு 18 வயது வேண்டும், கார் ஓட்டும் முழு ஜி அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்கு முந்தைய படிகளான ஜி1, ஜி2 போதாது. இரு கண்களும் திறந்த நிலையில் பார்வை 20/30க்குக் குறையக் கூடாது, பக்கவாட்டுப் பார்வை 150 பாகை வேண்டும். மருத்துவ அறிக்கையை 46 வயதுக்குக் கீழானவர் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும், 46 முதல் 64 வரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவர்கள், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உள்ளவர்கள் மருத்துவரோடு பேசாமல் படிவத்தை நிரப்பக் கூடாது. மறைத்து வாங்கிய அனுமதிப்பத்திரம் விபத்துக்குப் பின் காப்புறுதியையும் இழுத்துக்கொண்டு போகும். எயர் பிரேக்குக்கான இசட் ஒப்புதலுக்கு எழுத்துப் பரீட்சையும் செயல்முறைப் பரீட்சையும் உண்டு. 2022 ஜூலை முதல் தானியங்கிக் கியர் வண்டியில் பரீட்சை கொடுத்தவருக்குக் கைக்கியர் பாரவூர்தி ஓட்ட அனுமதி இல்லை. பல பாடசாலைகள் தானியங்கி வண்டியையே வைத்திருக்கின்றன, ஆகவே எந்த வண்டியில் பரீட்சை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அல்பேர்ட்டா நிறுவனங்களின் பக்கத்தையும் கொஞ்சம் இறுக்கியது. முன்பு புதிய பாரவூர்தி நிறுவனம் ஒன்று, பாதுகாப்புத் தகுதியைக் காட்டாமலே 60 நாள் ஓட்டலாம். 2019 தொடக்கத்திலிருந்து அது போனது. விதிகள் தெரியும் என்று நிறுவினால்தான் வண்டியை வீதிக்கு எடுக்கலாம். தனியார் கையில் இருந்த வீதிப் பரீட்சையையும் அதே ஆண்டு மார்ச்சில் அரசு தன் கைக்கு எடுத்தது. காகிதப் பதிவேடு போய் மின்னணுப் பதிவுக் கருவி 2021 ஜூன் 12 முதல் கட்டாயமானது. சந்தியிலும் வேலை நடந்தது: 2018 இறுதியில் வெளிவந்த பொறியியல் ஆய்வு, தென்கிழக்கு மூலையில் பார்வையை மறைத்த மரங்களை அகற்றவும், வீதியில் அதிர்வுக் கோடுகள் போடவும் சொன்னது. நீண்ட தூர பஸ்களில் இருக்கைப் பட்டி 2020 செப்டெம்பர் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமானது.

மணித்தியாலம் நிரம்பியதும்

இவ்வளவு மாற்றத்துக்குப் பிறகும் என் ஐயம் அதே இடத்தில் நிற்கிறது. சாரதியின் பயிற்சியில் வந்தவை எல்லாம் அனுமதிப்பத்திரத்துக்கு முன்னால் நடக்கும் மாற்றங்கள். ஆர்ம்லியில் உடைந்தது அதற்குப் பின்னால் உள்ள பகுதி.

கட்டாயப் பயிற்சியின் பாடத்திட்டத்தில் வேலை நேர விதியும் இருக்கிறது, சரக்குக் கட்டுவதும் இருக்கிறது, வண்டிப் பரிசோதனையும் இருக்கிறது. 36.5 மணித்தியால வகுப்பறைக்குள் அவற்றோடு வண்டியின் உறுப்புகளும், தொழில் ஒழுக்கமும், அவசர நிலைகளும் அடங்க வேண்டும். தறப்பாள் போடுவது எப்படி என்று பாடத்தில் சொல்லலாம். குளிரில், காற்றில், தனியே, ட்ரெயிலரின் மேல் ஏறிப் போடுவதைச் சொல்லிக்கொடுக்க அங்கே நேரம் இல்லை. கனடாவில் பாரவூர்தி ஓட்டுவது மின்னிணைப்பாளர், குழாய்ப் பொருத்துநர் போல தேசிய அங்கீகாரம் பெற்ற கைத்தொழிலாக இன்னும் ஆகவில்லை. ஆகவே ஆசான் ஒருவரின் கீழ் ஆண்டுக்கணக்கில் பழகும் முறை இதற்கு இல்லை. கார் ஓட்டப் பழகும் 16 வயதுப் பிள்ளைக்கு ஜி1, ஜி2 என்று படிப்படியாக ஏற்றிவிடும் ஒன்ராறியோ, நேற்றுச் சித்தியடைந்த ஏ வகுப்புச் சாரதியை இன்று முழுப் பாரத்தோடு நெடுஞ்சாலை 401இல் தனியே விடுகிறது. இதில் எனக்குத் தர்க்கம் தெரியவில்லை.

அந்த மணித்தியாலங்கள் உண்மையிலேயே கொடுக்கப்படுகின்றனவா என்பது வேறு கதை. 2019 இறுதியில் ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் நாயகம் வணிக வாகனப் பாதுகாப்பை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். அந்த மாகாணத்தில் சில பாரவூர்தி நிறுவனங்கள் தங்கள் சாரதிகளுக்குத் தாங்களே வீதிப் பரீட்சை நடத்த அனுமதி உண்டு. அப்படி நடத்தியவற்றில் சித்தி வீதம் 95 விழுக்காடு. பொதுப் பரீட்சை நிலையங்களில் அதே பரீட்சைக்கு 69 விழுக்காடு. தங்கள் ஆட்களை நன்றாகப் பழக்கியதால்தான் அவ்வளவு பேர் சித்தியடைந்தார்கள் என்று வாதிடலாம், அந்த நிறுவனங்கள் அப்படித்தான் வாதிட்டிருக்கும். ஆனால் தாங்களே பரீட்சை நடத்திய 106 நிறுவனங்களில் நாலில் ஒரு பங்கு, தவறு தங்கள் பக்கம் உள்ள விபத்துகளில் மாகாணத்திலேயே மிக மோசமான ஒரு விழுக்காட்டுக்குள் இருந்தன என்று அதே அறிக்கை சொல்கிறது. இதற்குப் பிறகு அந்த வாதத்தில் என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. பயிற்சிப் பாடசாலைகளின் கதையும் அதுதான். 2024இல் சிபிசி தொலைக்காட்சியின் புலனாய்வு, சில இடங்களில் மணித்தியாலங்கள் குறைக்கப்படுவதை மறைகமராவில் காட்டியது.

இன்னொரு வாயிற்காவலன் இருக்கிறான், அவன் சட்டப் புத்தகத்தில் இல்லை. காப்புறுதி நிறுவனம். பல பாரவூர்திகள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் காப்புறுதி கொடுப்பவர்கள் பலரும் இரண்டு, மூன்று ஆண்டு அனுபவம் உள்ள சாரதிகளையே விரும்புகிறார்கள். இல்லாவிட்டால் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். நியாயமான வணிகக் கணக்கு இது. விளைவு என்னவென்றால், நன்றாகப் பழக்கக்கூடிய நிறுவனங்கள் புதியவரை எடுக்கத் தயங்குகின்றன. புதியவரைக் கேள்வி கேட்காமல் எடுப்பது பெரும்பாலும் பழக்க வசதி இல்லாத சிறிய நிறுவனங்கள். சில இடங்களில் சாரதியையே ஒரு தனிக் கம்பனியாகப் பதியச் சொல்லி, சம்பளத்துக்குப் பதிலாக விலைச்சிட்டை (இன்வொய்ஸ்) எழுதச் சொல்கிறார்கள். அப்போது பயிற்சியும் விடுமுறையும் விபத்து இழப்பீடும் யார் பொறுப்பு என்பதே மங்கிவிடுகிறது. அனுபவம் குறைந்தவரும் கண்காணிப்புக் குறைந்த நிறுவனமும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கும் சந்தை இது. 2018இல் அந்தச் சாரதி எந்தக் கதவால் நுழைந்தாரோ, அந்தக் கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. வாசலுக்கு வருமுன் நூறு மணித்தியாலம் நடக்க வேண்டும் என்பது மட்டும் புதிது.

ஆகவே ஏ-இசட் எடுக்கப் போகும் ஒருவர் இந்த வழக்கை வைத்துத் தன் முதல் வேலையைத் தீர்மானிப்பதானால், கேட்க வேண்டியவை அனுமதிப்பத்திரப் படிவத்தில் இல்லை. எத்தனை வாரம் ஒரு பயிற்றுநர் என்னோடு ஏறுவார், தனியே விடுவதற்கு முன் யார் ஒப்புதல் கொடுப்பார்? திறந்த தட்டை ட்ரெயிலரில் ஏற்றும் பாரமா, மூடிய பெட்டி ட்ரெயிலரா? தட்டைப் பாரம் என்றால் கட்டுவதையும் தறப்பாள் போடுவதையும் யார் காட்டித் தருவார்? இரட்டை ட்ரெயிலர் தருவதாக இருந்தால் அதற்குத் தனிப் பயிற்சி உண்டா? பதிவுக் கருவியை நிறுவனத்தில் யார் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார், பாதுகாப்புத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, அதை நான் வாசிக்கலாமா? வழியில் பாரம் தளர்ந்தால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, நேரம் தவறினால் எனக்குத் தண்டமா? சம்பளச் சீட்டு தருவீர்களா, அல்லது நான் கம்பனி பதிய வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் முதலாளியிடம் வேலைக்குச் சேராமல் இருப்பதற்கு எந்த மாகாணத்தின் அனுமதியும் தேவையில்லை.